மூச்சைப் பிடி, பாதரசத்தை ஊது! – ரிசர்வ் விமானிகளின் மெடிக்கல் கதை

இந்த மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்தார் கேட்டார்கள். கோயில், கல்வெட்டு, சுதந்திரப் போராட்டம் என்று அவர்களே மூன்று தலைப்புகளையும் சொன்னார்கள். அந்த மூன்றிலும் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம் பழைய மாணவர்களிலேயே இருக்கிறார்கள். அதனால் நான் வேறொன்றை எடுத்துக்கொண்டேன்.

சரித்திர வாத்தியாராக இருந்த காலத்தில் என்.சி.சி. பையன்கள் என்னிடம் வந்து அடிக்கடி கேட்ட கேள்வி பானிப்பட் யுத்தத்தைப் பற்றியது அல்ல. "சார், ஏர்ஃபோர்ஸ் மெடிக்கல்ல என்ன பார்ப்பாங்க? என்னை எடுப்பாங்களா?" என்பதுதான். இப்போது பெண் பிள்ளைகளும் அதையே கேட்கிறார்கள். இன்டர்வியூவுக்குப் பயப்படாதவர்கள்கூட மெடிக்கலுக்குப் பயப்படுகிறார்கள். படித்து ஜெயிக்கலாம், பேசி ஜெயிக்கலாம், கண்ணையும் காதையும் வைத்து என்ன செய்வது என்ற கவலை!

இந்த மெடிக்கல் பரிசோதனைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதிலும் முழுநேர வீரர்களைவிட, வேலையும் படிப்பும் பார்த்துக்கொண்டே விமானம் ஓட்டக் கற்ற ரிசர்வ் விமானிகளின் கதை நம்மைப் போன்ற காலேஜ் மனிதர்களுக்கு ரொம்ப நெருக்கமானது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

சாவுகள் கற்றுக்கொடுத்த பாடம்

1914ல் முதல் உலகப்போர் தொடங்கியபோது பல இடங்களில் விமானிக்கென்று தனியான உடல்தகுதி சரியாக வகுக்கப்படவில்லை. குதிரைப்படைக்கும் காலாட்படைக்கும் லாயக்கானவன் ஆகாயத்துக்கும் லாயக்குத்தான் என்று நினைத்தார்கள். விளைவு பரிதாபமாக இருந்தது. எதிரியின் குண்டுக்கு மட்டுமல்ல, தாமாகவே விழுந்தும் பலர் செத்தார்கள். பிரிட்டிஷ் விமானிகளின் சாவுகளில் நூற்றுக்கு 2தான் எதிரியால், 8 விமானக் கோளாறால், மீதி 90 விமானியின் சொந்தக் குறைபாட்டால் என்று ஒரு கணக்கை அமெரிக்க விமானப்படை மருத்துவர்கள் அப்போது எடுத்துக்காட்டினார்கள். அந்தக் கணக்கு எவ்வளவு துல்லியம் என்று இன்று கேள்வி கேட்கலாம். ஆனால் விமானிகளுக்கான மெடிக்கல் கவனம் பெற அதுவும் ஒரு காரணமாயிற்று.

பிரிட்டனில் இந்த வேலையில் இறங்கியவர் மார்ட்டின் ஃப்ளாக் என்ற உடலியல் மருத்துவர். இதயத் துடிப்பு எங்கே பிறக்கிறது என்பதை, அதாவது சைனோ-ஏட்ரியல் முடிச்சை, ஆர்தர் கீத்துடன் சேர்ந்து 1907ல் உலகுக்கு அறிவித்தவர் அவர்தான். சயின்ஸ் மாணவர்களுக்கு இந்தப் பெயர் பரிச்சயமாக இருக்கும். அவர் விமானிகளுக்காக வகுத்த சோதனைகள் ரொம்ப எளிமையானவை. மூக்கில் கிளிப் மாட்டி, ஒரு குழாயைக் கையில் கொடுப்பார்கள். குழாயின் மறுமுனையில் பாதரசம். மூச்சை நன்றாக இழுத்து, குழாயில் ஊதி, பாதரசத்தை 40 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தூக்க வேண்டும். தூக்கினால் போதாது; முடிந்தவரை அங்கேயே நிறுத்திவைக்க வேண்டும். பக்கத்தில் ஒரு டாக்டர் ஐந்து விநாடிக்கு ஒரு தடவை நாடியை எண்ணிக்கொண்டிருப்பார். ஒரு நிமிடத்தை நெருங்கியவன் கெட்டிக்காரன்.

இதில் நுரையீரலின் வலுவை மட்டும் அவர்கள் பார்க்கவில்லை. கஷ்டம் ஏறஏற நாடி எப்படி நடந்துகொள்கிறது, ஆள் எந்தக் கட்டத்தில் 'போதும்டா சாமி' என்று விட்டுவிடுகிறான் என்பதையும் பார்த்தார்கள். அதாவது மூச்சைக் கொண்டு மனத்தை அளக்கிற முயற்சி!

நிறக்குருட்டைக் கண்டுபிடிக்க இன்றுவரை பயன்படும் புள்ளிப் படப் புத்தகமும் அந்தக் காலத்தில் வந்ததே. வண்ணப் புள்ளிகளுக்கு நடுவில் ஒளிந்திருக்கும் எண்ணைச் சொல்ல வேண்டுமே, அதுதான். 1917ல் அதை வெளியிட்ட ஷினோபு இஷிஹாரா ஜப்பான் ராணுவ மருத்துவர். ராணுவத்துக்கு ஆள் எடுப்பதற்காக உருவாக்கியதுதான் இன்று உலகத்துக் கண் டாக்டர்கள் எல்லார் மேஜையிலும் இருக்கிறது.

மோட்டார் சைக்கிளை விற்ற பையன்

இந்த மெடிக்கலில் முதலில் தோற்று, பிறகு சரித்திரத்தில் இடம்பிடித்த இந்தியர் ஒருவர் உண்டு. கல்கத்தாவில் 1898ல் பிறந்து, லண்டன் செயின்ட் பால்ஸ் பள்ளியில் படித்த இந்திரலால் ராய். 18 வயதில் ராயல் ஃப்ளையிங் கோர்ஸுக்கு மனுப் போட்டார். கண் சரியில்லை என்று தள்ளிவிட்டார்கள். வேறொருவராக இருந்தால் தலையெழுத்து என்று திரும்பியிருப்பார். ராய் தன்னுடைய மோட்டார் சைக்கிளை விற்றார். அந்தப் பணத்தில் பெரிய கண் நிபுணர் ஒருவரிடம் போய் இன்னொரு தடவை கண்ணைக் காட்டினார். நிபுணர் கண்ணில் குறை இல்லை என்று சொல்ல, முதல் தீர்ப்பு மாறியது. 1917 ஜூலையில் அதிகாரியானார்.

கதை அதோடு முடியவில்லை. அதே வருடம் டிசம்பரில் விமானம் விழுந்து படுகாயம். மறுபடியும் 'அன்ஃபிட்'. மறுபடியும் விடாமல் நச்சரித்து, 1918 ஜூனில் 40வது ஸ்குவாட்ரனுக்குப் போய்ச் சேர்ந்தார். ஜூலை மாதத்தில் இரண்டே வாரத்துக்குள் 10 வெற்றிகள். ஜூலை 22ந் தேதி பிரான்சில் வான்போரில் உயிர் துறந்தார். வயது 19. நம் முதலாண்டு, இரண்டாமாண்டு மாணவர்களின் வயது! அவருக்குக் கிடைத்த டி.எஃப்.சி. பதக்கம் மரணத்துக்குப் பிறகு வந்தது.

அதே வருடத்தில் சேர்ந்த இன்னொருவர் ஹர்தித் சிங் மாலிக். ஆக்ஸ்ஃபோர்டு பேலியல் கல்லூரி மாணவர். அவர் உடம்பில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் இந்தியர் என்பதால் முதலில் கதவு திறக்கவில்லை. பிரெஞ்சு செஞ்சிலுவைக்காக ஆம்புலன்ஸ் ஓட்டப் போய்விட்டார். கடைசியில் அவருடைய கல்லூரி ஆசிரியர் ஃப்ரான்சிஸ் அர்க்ஹார்ட் மேலிடத்துக்குக் கடிதம் எழுதித்தான் இடம் கிடைத்தது. ஒரு நல்ல வாத்தியாரின் கடிதம் என்ன செய்யும் பாருங்கள்! தலைப்பாகையைக் கழற்றாமல், அதன்மேல் மாட்டிக்கொள்ளத் தனி ஹெல்மெட் செய்துகொண்டு பறந்தார் மாலிக். பிற்காலத்தில் பிரான்சில் இந்தியத் தூதராக இருந்தார்.

இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவரைத் தடுத்தது கண். மற்றவரைத் தடுத்தது தோல். முதலாவதற்கு மறுபரிசோதனை உண்டு. இரண்டாவதற்கு எந்த டாக்டரிடம் போவது?

சனி, ஞாயிறு விமானிகள்

முதல் போருக்குப் பின் பிரிட்டனில் 'ஆக்ஸிலியரி ஏர்ஃபோர்ஸ்' என்று ஒன்று வைத்திருந்தார்கள். பெயர்தான் துணைப்படை, நடைமுறையில் அது பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் கிளப். 601வது ஸ்குவாட்ரனை 'கோடீஸ்வரர் ஸ்குவாட்ரன்' என்றே கூப்பிட்டார்கள்.

ஹிட்லரின் படை வளரவளர இது போதாது என்று தெரிந்தது. 1936 ஜூலையில் 'ராயல் ஏர்ஃபோர்ஸ் வாலண்டியர் ரிசர்வ்' பிறந்தது. 18 முதல் 25 வயது வரை யாரும் மனுப் போடலாம். குடும்பம் என்ன, எந்தப் பள்ளி என்பது முக்கியமில்லை. சேருகிற விமானி சார்ஜெண்டாகச் சேருவான். மாலையில் ஊரிலுள்ள ரிசர்வ் சென்டரில் வழிகண்டறிதல், சிக்னல், ஆயுதம் என்று வகுப்பு. சனி, ஞாயிறில் தனியார் கம்பெனிகள் நடத்திய பள்ளிகளில் டைகர் மாத் போன்ற சின்ன விமானத்தில் பயிற்சி. வருடத்துக்கு 15 நாள் தொடர் முகாம். அதற்கு 25 பவுன் வருடாந்திரத் தொகை. திங்கட்கிழமை காலை மறுபடி பேங்க், கடை, ஆபீஸ்!

வருடத்துக்கு 800 பேர் என்று தொடங்கிய திட்டம். 1939 செப்டம்பரில் போர் மூண்டபோது 6,646 விமானிகள் அதில் இருந்தார்கள். மருந்துக்கடைத் தொழில் பழகிக்கொண்டே 1937ல் சேர்ந்த ஜேம்ஸ் லேசி, 1940ல் பிரிட்டன் வான்போரில் அதிக விமானங்களை வீழ்த்தியவர்களில் ஒருவரானார். வாரக்கடைசியில் கற்ற வித்தைதான்!

குடும்பமும் பணமும் கேட்காத அந்தப் படையில் உண்மையான வாசற்கதவு மெடிக்கல் போர்டுதான். ஒரு ஜன்னலோர அறையில் கண் எழுத்து அட்டை. அடுத்ததில் இஷிஹாரா புத்தகம். அடுத்ததில் இரண்டு கண்ணும் ஒன்றாக இயங்குகிறதா என்ற சோதனை. பிறகு கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிற்கச் சொல்வார்கள். பிறகு ஃப்ளாக்கின் பாதரசக் குழாய். மூச்சை அடக்கி நிற்பது. காது, மூக்கு, சிறுநீர், இதயம். கடைசியில் ஒரு காகிதம்: ஃபிட் அல்லது அன்ஃபிட்.

ஒரு காறை எலும்பு

அந்தக் காகிதம் எவ்வளவு தூரம் ஒரு வாழ்க்கையைத் திருப்பும் என்பதற்கு ஜானி ஜான்சனின் கதையே போதும். போலீஸ் இன்ஸ்பெக்டரின் மகன், நாட்டிங்ஹாம் கல்லூரியில் படித்த சிவில் இன்ஜினியர். முதலில் அந்தப் பணக்கார ஆக்ஸிலியரிக்கு மனுப் போட்டார். சொந்த ஊர் மெல்ட்டன் மோப்ரே என்றதும் பேட்டி கண்ட அதிகாரி உற்சாகமாகி, எந்த நரி வேட்டைக் குழுவோடு குதிரையேறுகிறாய் என்று கேட்டார். வேட்டைக்குப் போவதில்லை என்றதும் பேட்டி சீக்கிரமே முடிந்துவிட்டது.

பிறகு ரிசர்வுக்கு மனு. அங்கேயும் உடனே இடமில்லை. இதற்கிடையில் ரக்பி ஆட்டத்தில் காறை எலும்பு முறிந்து, சரியாகப் பொருந்தாமல் ஒட்டியிருந்தது. அதைக் காட்டியும் தள்ளினார்கள். சும்மா இருக்கப் பிடிக்காமல் குதிரைப்படை ரிசர்வில் சேர்ந்தார். 1939 ஆகஸ்டில், போர் வாசலுக்கு வந்துவிட்ட நேரத்தில்தான், விமானப்படை ரிசர்வ் அவரை ஏற்றது. எலும்பு அதே எலும்புதான்; தேவை மாறியிருந்தது!

ஆனால் டாக்டர்கள் பயந்ததிலும் நியாயம் இருந்தது. 1940ல் ஸ்பிட்ஃபயர் ஓட்டத் தொடங்கியதும் அந்தத் தோள் வலித்தது, விரல் மரத்தது. இன்ஸ்பெக்டர் மகனுக்கு முன்னால் இரண்டு வழி. பயிற்சி ஆசிரியராகப் பத்திரமாக இருக்கலாம். அல்லது ஆபரேஷன் செய்துகொள்ளலாம். ஆபரேஷனைத் தேர்ந்தெடுத்தார். அதனால் பிரிட்டன் வான்போரின் பெரும்பகுதி அவருக்குத் தவறிப்போனது. 1940 டிசம்பர் கடைசியில் திரும்பி வந்தவர், போர் முடியும்போது தனியாக 34 எதிரி விமானங்களை வீழ்த்திய கணக்கோடு நின்றார். 2001 வரை வாழ்ந்தார்.

இதில் டாக்டர்கள் ஜெயித்தார்களா, ஜான்சன் ஜெயித்தாரா? என்னைக் கேட்டால் இரண்டு பேரும்தான். குறை உண்மை. அதை மறைக்காமல் சரிசெய்துகொண்டதும் உண்மை.

எல்லாரையும் தோற்கடித்த நாற்காலி

சோதனை சோதித்தவர்களையே திருப்பிக் கேள்வி கேட்ட சம்பவமும் உண்டு. அமெரிக்காவில் 1917 முதல் மனுதாரரைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றினார்கள். உட்செவியைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1914ல் நோபல் பரிசு பெற்ற ராபர்ட் பாரானியின் பெயரால் அழைக்கப்பட்ட நாற்காலி அது. நல்ல உட்செவி இருந்தால் மேகத்துக்குள்ளும் திசை தெரியும் என்பது அன்றைய நம்பிக்கை.

1926ல் சான்ஃப்ரான்சிஸ்கோ கிரிஸ்ஸி ஃபீல்டில் வில்லியம் ஓக்கர் என்ற அனுபவசாலி விமானி வழக்கமான மெடிக்கலுக்குப் போனார். டாக்டர் டேவிட் மையர்ஸ் அவரைக் கண்ணை மூடச்சொல்லி மெதுவாகச் சுற்றினார். எந்தப் பக்கம் சுற்றுகிறாய் என்ற கேள்விக்கு முதலில் சரியாகச் சொன்னார். நாற்காலியை நிறுத்தியதும், இப்போது எதிர்ப்பக்கம் சுற்றுகிறது என்றார்! காது பொய் சொன்னது. ஓக்கர் விடவில்லை. திருப்பம் காட்டும் கருவி ஒன்றைப் பெட்டிக்குள் வைத்து, அதை மட்டும் பார்த்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். இந்தத் தடவை எல்லாம் சரி.

யாரைத் தள்ளுவது என்று கண்டுபிடிக்க வைத்த நாற்காலி, கண்ணை மூடினால் எல்லாருமே தள்ளவேண்டியவர்கள்தான் என்று காட்டிவிட்டது. மேகத்தில் உடம்பை நம்பாதே, கருவியை நம்பு என்ற பாடம் அங்கே உறுதிப்பட்டது. இன்று நாம் மழையிலும் இருட்டிலும் பயமில்லாமல் விமானத்தில் போகிறோமே, அதற்கு அந்த மெடிக்கல் அறைக்கும் கொஞ்சம் நன்றி சொல்ல வேண்டும்.

நம் பக்கத்துக் கதை

ராயும் மாலிக்கும் பறந்து காட்டிய பிறகும், இரண்டு போர்களுக்கு நடுவில் ராயல் ஏர்ஃபோர்ஸ் 'தூய ஐரோப்பிய வம்சாவளி' என்ற விதியை வைத்திருந்தது. மெடிக்கல் அறைக்குள் நுழைவதற்கு முன்பே ஒரு மெடிக்கல்! 1939 அக்டோபரில், போர்க்காலம் வரைக்கும் என்று சொல்லி, அந்த விதியைத் தளர்த்தினார்கள். ஜான்சனின் எலும்புக்கு வந்த அதே ஞானோதயம்தான்.

1940ல் ஏற்கெனவே ஃப்ளையிங் கிளப்புகளில் லைசென்ஸ் வாங்கியிருந்த 24 இந்தியர்கள் இங்கிலாந்து போனார்கள். அவர்களில் மொஹிந்தர் சிங் புஜ்ஜி, மாலிக்கைப் போலவே தலைப்பாகையோடு ஃபைட்டர் ஓட்டினார்.

இங்கே இந்தியாவில் 1939ல் விமானப்படை வாலண்டியர் ரிசர்வ் தொடங்கப்பட்டது. கடற்கரையைக் காவல் காக்க மெட்ராஸ், பம்பாய், கல்கத்தா, கராச்சி, கொச்சி என்று துறைமுக நகரங்களில் கடலோரப் பாதுகாப்புப் பிரிவுகள் அமைந்தன. அதில் முதல் நம்பர் பிரிவு நம் மெட்ராஸுக்குத்தான் வந்தது. வாபிட்டி போன்ற பழைய விமானங்களை வைத்துக்கொண்டு கடல்மேல் ரோந்து போனார்கள், கப்பல்களுக்குத் துணை போனார்கள். மெரினாவில் காற்று வாங்கப் போகிறவர்கள் ஒரு தடவை அதை நினைத்துக்கொள்ளலாம்.

அந்த ரிசர்வில் 1939 நவம்பரில் சேர்ந்தவர்களில் ஒருவர் பிரதாப் சந்திர லால். லண்டன் கிங்ஸ் காலேஜில் படித்தவர். பதினேழு வயதிலேயே அமெச்சூர் விமானி லைசென்ஸ் வாங்கியவர். ஆனாலும் ரிசர்வில் முதலில் அவருக்குக் கிடைத்தது வழிகண்டறியும் நேவிகேட்டர் வேலை. சரி, அதையும் செய்தார். பிறகு விமானியானார். 1969 முதல் 1973 வரை இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியாக இருந்து 1971 போரை நடத்தியவர் அவர்தான். ரிசர்வ் என்றால் இரண்டாம் தரம் என்று யாராவது சொன்னால் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1952ல் ரிசர்வ் மற்றும் துணை விமானப்படைச் சட்டம் வந்தது. மெட்ராஸ் உள்பட சில நகரங்களில் துணை ஸ்குவாட்ரன்களும் இருந்தன. காலப்போக்கில் அவை வழக்கமான விமானப்படையோடு கரைந்துவிட்டன. வேலைக்குப் போய்க்கொண்டே போர் விமானம் ஓட்டுவது ஜெட் யுகத்தில் நம் நாட்டில் நிலைக்கவில்லை. கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி. ஏர் விங் அந்த மரபின் மிச்சமாக இருக்கிறது.

தம்பி தங்கைகளுக்கு

இன்று பாதரசக் குழாய் இல்லை. ஆனால் அளவு நாடா இருக்கிறது! இந்திய விமானப்படை ஃப்ளையிங் பிரிவு அறிவிப்புகளில் உயரம் 162.5 செ.மீ., கால் நீளம் 99 முதல் 120 செ.மீ., தொடை நீளம் 64 செ.மீ.க்குள், உட்கார்ந்த உயரம் 81.5 முதல் 96 செ.மீ. என்று பார்த்திருப்பீர்கள். "தொடை நீளத்துக்கும் தேசபக்திக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று ஒரு பையன் என்னைக் கேட்டான். சம்பந்தம் இருக்கிறது தம்பி. ஆபத்தில் சீட்டோடு வெளியே வீசப்படும்போது, நீளமான தொடை காக்பிட்டின் விளிம்பில் இடித்தால் முழங்கால் போய்விடும். கால் குட்டையாக இருந்தால் பெடல் எட்டாது. அந்த எண்கள் உங்களை அவமானப்படுத்த எழுதப்பட்டவை அல்ல. உங்கள் அம்மா அப்பாவுக்கு உங்களை முழுசாகத் திருப்பிக் கொடுக்க எழுதப்பட்டவை.

அதனால் மூன்று விஷயம் சொல்கிறேன். ஒன்று, கடைசி வருடம் வரை காத்திருக்காமல் இப்போதே கண், நிறப்பார்வை, காது, பல் எல்லாவற்றையும் ஒரு நல்ல டாக்டரிடம் காட்டுங்கள். சரிசெய்யக்கூடியதைச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். கண் லேசர் சிகிச்சைக்கெல்லாம் நிபந்தனைகள் உண்டு. அந்தந்த வருட அறிவிப்பைப் படிக்காமல் எதையும் செய்துகொள்ளாதீர்கள். இரண்டு, எதையும் மறைக்காதீர்கள். மெடிக்கல் போர்டை ஏமாற்றலாம், முப்பதாயிரம் அடி உயரத்தை ஏமாற்ற முடியாது. மூன்று, அன்ஃபிட் என்றால் மேல்முறையீட்டுக்கு முறையான வழி இருக்கிறது. ராய்க்கு மோட்டார் சைக்கிளை விற்கவேண்டி வந்தது. உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

மேல்முறையீட்டிலும் கிடைக்கவில்லை என்றால்? நம் செட்டிலேயே ஒருவர், புள்ளிப் படத்தில் எண் தெரியாமல் திரும்பி வந்தார். ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. பிறகு விமான எஞ்சின் பழுதுபார்க்கும் படிப்புக்குப் போனார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் கிளம்பும் என்ற நிலைக்கு வந்து ரிடையரானார். எத்தனையோ விமானிகள் அந்தக் கையெழுத்தை நம்பித்தான் பறந்தார்கள்.

போர்டு சொல்வது அன்றைய தேதியில், அன்றைய அறிவுக்கு எட்டிய அளவில், ஒரு குறிப்பிட்ட வேலைக்கான தீர்ப்பு. நீங்கள் எப்படிப்பட்ட மனிதர் என்பதற்கான தீர்ப்பு அல்ல. 1994ல் நம் விமானப்படையில் பெண்கள் விமானிகளாக வந்தார்கள். 2016ல் ஃபைட்டர் ஓட்டவும் வந்துவிட்டார்கள். அதற்கு முன்னால் அவர்கள் உடம்பில் என்ன குறை இருந்தது? ஒன்றுமில்லை. விதியில்தான் குறை இருந்தது. நியாயமான அளவு எது, வெறும் தப்பெண்ணம் எது என்று பிரித்துப் பார்க்கச் சரித்திரம் கற்றுத் தருகிறது. முன்னதற்குத் தலைவணங்குங்கள். பின்னதை விடாமல் கேள்வி கேளுங்கள்.

அடுத்த சங்கமத்துக்குள் நம் கல்லூரியிலிருந்து ஒரு பையனோ பெண்ணோ தோளில் பட்டையும் நெஞ்சில் சிறகுமாக வந்து இந்த மேடையில் நிற்க வேண்டும் என்பது இந்தக் கிழவனின் ஆசை. வாழ்த்துக்கள்!